குழந்தைகள் தொலைக்காட்சியின் நிகழ்ச்சித் தொகுதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிகழ்ச்சித் தொகுதி என்பது எது? அது சேனலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தன் ஒளிபரப்பு நாளில் சில மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி, அந்நேரத்தில் வரும் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஒரே பெயர், ஒரே லோகோ, ஒரே அறிவிப்புக் குரல் ஆகியவற்றின் கீழ் தொடுத்துக் கொடுத்தால் அதை நிகழ்ச்சித் தொகுதி என்கிறோம். ஃபாக்ஸ் கிட்ஸ், கிட்ஸ் டபிள்யூபி, டூனாமி, நிக் ஜூனியர் ஆகியவை இவ்வாறு தொடங்கியவை. சேனலுக்கு நாள் முழுவதும் சொந்தம். தொகுதிக்கோ குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே கிடைக்கும், அதுவும் சில சமயம் வாடகைக்குத்தான் கிடைக்கும். ஒரு தொகுதி ஏன் பிறந்தது, ஏன் பெயர் மாறியது, ஏன் மறைந்தது என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கார்ட்டூன்களின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த நேரம் யார் கையில் இருந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் விடை விரைவில் கிடைக்கும். இந்த வழக்கம் மிகுதியாக வளர்ந்த நாடு அமெரிக்கா என்பதால் கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்நாட்டைப் பற்றியவை.

அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை எவ்வாறு கார்ட்டூன் நேரமாயிற்று?

சனிக்கிழமைக் காலையில் பெரியவர்கள் தொலைக்காட்சி பார்ப்பது குறைவு. ஆகவே உள்ளூர் நிலையங்கள் வழியாக நாடு முழுவதும் ஒளிபரப்பும் நெட்வொர்க்குகளுக்கு அது விலை போகாத நேரமாக இருந்தது. 1960-களின் நடுவில் சிபிஎஸ் நிறுவனத்தின் பகல்நேர நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த ஃபிரெட் சில்வர்மேன், பழைய படங்களை மறு ஒளிபரப்புச் செய்வதற்குப் பதிலாக அந்நேரத்துக்கென்றே புதிய கார்ட்டூன்களைத் தயாரிக்கச் செய்து, 1966-இல் சாகச நாயகர்களின் வரிசை ஒன்றை இறக்கினார். அதே ஆண்டின் இலையுதிர்கால அட்டவணையில் சிபிஎஸ், என்பிசி, ஏபிசி மூன்றுமே சனிக்கிழமைக் காலையைக் கார்ட்டூன்களுக்குக் கொடுத்துவிட்டன. காலை உணவுத் தானியங்களையும் பொம்மைகளையும் விற்கும் நிறுவனங்களுக்கு, குழந்தைகள் மட்டுமே கூடியிருக்கும் ஒரு நேரம் கிடைத்தது. அந்தப் பணம்தான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்தக் காலைப் பொழுதைத் தாங்கி நின்றது.

அப்போது தொகுதி இருந்தது, ஆனால் அதற்கென்று பெரிய பெயர் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய வரிசை வந்தது. சேனலின் பெயரே அடையாளமாகப் போதுமானதாக இருந்தது.

விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் வரும் சிறு துண்டுகள் எதற்காகத் தோன்றின?

'பம்பர்' எனப்படும் அந்தச் சில நொடித் துண்டுகள் அழகுக்காக வந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றுக்குப் பின்னால் ஒழுங்குமுறை இருக்கிறது. 1968-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கி சாரன் என்ற பெண்மணியின் முன்முயற்சியில் தொடங்கிய பெற்றோர் அமைப்பு ஒன்று, குழந்தைகளுக்கான விளம்பரங்களைக் கட்டுப்படுத்துமாறு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தை விடாமல் வலியுறுத்தி வந்தது. சிறு குழந்தைகளுக்கு நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியத் தெரியாது என்பதே அவர்களது வாதத்தின் மையம். 1974-இல் ஆணையம் வெளியிட்ட கொள்கை அறிக்கை, இரண்டுக்கும் இடையே தெளிவான பிரிப்பு வேண்டும் என்றது. நிகழ்ச்சியில் வரும் பாத்திரமோ தொகுப்பாளரோ அதே நிகழ்ச்சியின் இடையில் பொருள் விற்கக் கூடாது என்றும் சொன்னது.

நெட்வொர்க்குகள் அந்தக் கட்டாயத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டன. 'இந்த விளம்பரங்களுக்குப் பிறகு திரும்பி வருவோம்' என்ற பொருளில் ஏபிசி ஒலிபரப்பிய பாட்டுத் துண்டு, அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு எந்தக் கார்ட்டூனுக்கும் குறையாத நினைவாகிப்போனது. விளம்பரத்தை விலக்கிக் காட்ட வந்த வேலி, காலப்போக்கில் தொகுதிக்கே விளம்பரமாக மாறிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த பிராண்டிங் உத்திகள், அதாவது தொகுதியின் அடையாளத்தைப் பார்ப்பவர் மனதில் பதிக்கும் வழிகள் அத்தனையும் நிகழ்ச்சிகளுக்கு நடுவேயுள்ள இந்த இடைவெளியில்தான் வளர்ந்தன.

தனிப் பெயர் கொண்ட பெரிய தொகுதிகள் 1990-இல் ஒரே நேரத்தில் தோன்றியது ஏன்?

அதற்குக் காரணம் ஒரு சண்டை. 1987-இல் டிஸ்னி தன் 'டக் டேல்ஸ்' தொடரை எந்த நெட்வொர்க்குக்கும் கொடுக்காமல், ஒவ்வோர் ஊரிலும் உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்றது. பல நகரங்களில் அதை வாங்கியவை ஃபாக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அல்லது அதனுடன் இணைந்த நிலையங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஃபாக்ஸின் கேடிடிவி நிலையத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு டிஸ்னி அதே நகரில் கேகால் என்று பின்னர் பெயர் மாறிய நிலையத்தைச் சொந்தமாக வாங்கியது. தன் தொடரைத் தன் நிலையத்துக்கே எடுத்துக்கொண்டது. அப்போது ஃபாக்ஸின் தலைவராக இருந்த பாரி டில்லர் கடுங்கோபம் கொண்டார். ஃபாக்ஸ் நிலையங்கள் டிஸ்னியிடமிருந்து விலகத் தொடங்கின. விவகாரம் வழக்கு வரை போனது.

பிரிந்த இரு தரப்பும் தமக்கென்று தனித்தனியே பிற்பகலைக் கட்டின. ஃபாக்ஸ் தன் இணை நிலையங்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு, மார்கரெட் லோஷ் தலைமையில் குழந்தைகள் நெட்வொர்க் ஒன்றை (ஃபாக்ஸ் கிட்ஸ்) அமைத்து, 1990 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, 'தி டிஸ்னி ஆஃப்டர்நூன்' தொடங்கியது.

டிஸ்னியின் ஏற்பாடு எளிமையானது, ஆனால் நுட்பமானது. நான்கு அரைமணி நேரத் தொடர்களை இரண்டு மணி நேரக் கட்டாக உள்ளூர் நிலையத்துக்கு விற்றார்கள். கட்டுக்குப் பொதுவான ஒரு தொடக்கப் பாடல் உண்டு. அதில் நான்கு தொடர்களின் பாத்திரங்களும் ஒன்றாக வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் பழைய தொடர் ஒன்று விலகும், புதியது ஒன்று நுழையும்: 1990-இல் கம்மி பேர்ஸ், டக் டேல்ஸ், ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ், டேல்ஸ்பின் என்று இருந்த வரிசையில், 1991-இல் கம்மி பேர்ஸ் விலகி டார்க்விங் டக் வந்தது. தொடர்கள் மாறிக்கொண்டே இருக்க, பெயர் மட்டும் நிலைத்து நின்றது. தொடருக்கு வயதாகும், தொகுதிக்கு வயதாகாது என்பதை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டு வியாபாரம் செய்தவர்கள் இவர்களே என்பது என் கருத்து.

ஃபாக்ஸ் கிட்ஸ் வேறு வழியில் போனது. ரசிகர் மன்றம், அஞ்சலில் வரும் இதழ், உள்ளூர் நிலையங்களின் சொந்தத் தொகுப்பாளர்கள் என்று அது பார்வையாளரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1992-இல் வந்த பேட்மேன், எக்ஸ்-மென் ஆகிய இரண்டு கார்ட்டூன் தொடர்களும், 1993 ஆகஸ்டில் வந்த பவர் ரேஞ்சர்ஸும் அதை முன்வரிசைக்குக் கொண்டுசென்றன.

நிக்கலோடியன் முழுநேரக் குழந்தைகள் சேனல்தானே? அதற்குள் ஏன் தனித் தொகுதிகள்?

இங்கேயும் நேரத்தின் உரிமைதான் முதல் காரணம். 1979 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய நிக்கலோடியனுக்குத் தொடக்க ஆண்டுகளில் இரவு சொந்தமாக இல்லை. அதே அலைவரிசையில் இரவில் கலைகளுக்கான வேறொரு சேனல் ஓடியது. அச்சேனல் தனி அலைவரிசைக்குப் போனபோது இரவு காலியானது. குழந்தைகள் உறங்கும் அந்நேரத்துக்குப் பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களைப் போட்டு, 1985 ஜூலை 1 அன்று 'நிக் அட் நைட்' என்று பெயரிட்டார்கள். பகலில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தை, பள்ளிக்குச் செல்லாத மழலைகளுக்கென 1988 ஜனவரியில் 'நிக் ஜூனியர்' ஆக்கினார்கள். வீட்டில் எந்த நேரத்தில் எந்த வயதினர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அப்படியே அட்டவணையாகிவிட்டது.

அடையாள வடிவமைப்பிலும் நிக்கலோடியன் ஒரு திருப்புமுனை. 1984-இல் ஃபிரெட் சைபர்ட், ஆலன் குட்மேன் இருவரும் நடத்திய நிறுவனம் மேற்கொண்ட மாற்றத்தில், லோகோவுக்கு நிலையான வடிவமே இல்லாமல் போனது. ஆரஞ்சு நிறமும் வெள்ளை எழுத்தும் மட்டும் மாறாது. வடிவம் சிதறிய சாயமாகவோ, எலும்பாகவோ, விமானமாகவோ இருக்கலாம். நிக் ஜூனியர் இதை இன்னும் இனிமையாகப் பயன்படுத்தியது: ஆரஞ்சு நிறத்தில் பெரிய உருவம் ஒன்று, அருகே நீல நிறத்தில் சிறிய உருவம் ஒன்று, இரண்டும் பெற்றோரும் பிள்ளையுமாகத் தோன்றும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய லோகோ அது.

1992 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய 'ஸ்னிக்', சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை, மற்ற நெட்வொர்க்குகள் குழந்தைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நேரத்தில் வந்தது. அதன் சின்னம் ஓர் ஆரஞ்சு நிறச் சோபா. இரவில் பெரியவர்களைப் போல விழித்திருந்து வரவேற்பறையில் உட்காரும் உரிமையை அந்த ஒரு பொருள் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் விளம்பரமே இல்லாத பிபிசி ஏன் தொகுதியை உருவாக்கியது?

போட்டிக்காக. 1983 ஜனவரியில், விளம்பர வருவாயில் இயங்கிய ஐடிவி தன் பிற்பகல் நிகழ்ச்சிகளை 'சில்ட்ரன்ஸ் ஐடிவி' என்ற பெயரில் ஒருங்கிணைத்தது. பிபிசியில் அதுவரை நிகழ்ச்சிகளுக்கு நடுவே முகம் காட்டாத பொது அறிவிப்பாளர்தான் பேசிவந்தார். 1985 செப்டம்பரில் பிபிசி, பெரிய அரங்கு எதுவும் கட்டாமல், அறிவிப்புக்கான சிறு அறையிலேயே ஒரு கேமராவை வைத்து ஃபிலிப் ஸ்கோஃபீல்டு என்ற இளைஞரை உட்கார வைத்தது. ஒலி, ஒளிப் பொத்தான்களை இயக்குவதும் அவர் வேலையே. பின்சுவரில் குழந்தைகள் அனுப்பிய படங்களும் அட்டைகளும் ஒட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் பேச்சு வராத கோர்டன் என்ற கைப்பொம்மை. 'துடைப்ப அலமாரி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த இடுக்கான அறை, செலவு குறைந்த பிராண்டிங்குக்கு மிகச் சிறந்த சான்று. பார்ப்பவர் அங்கே கண்டது பள்ளி விட்டு வந்ததும் தன்னிடம் பேசுகிற ஓர் அண்ணனை.

2002 பிப்ரவரியில் சிபிபிசி, சிபீபீஸ் என்று இரண்டு தனிச் சேனல்கள் வந்தன. டிஜிட்டல் மாற்றம் நாடு முழுவதும் நிறைவேறிய பிறகு, 2012 டிசம்பரில் பிபிசி ஒன் சேனலின் பிற்பகல் குழந்தைகள் நேரம் முடிவுக்கு வந்தது.

டூனாமியின் பிராண்டிங்கை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஏன்?

1997 மார்ச் 17 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியபோது டூனாமியிடம் இருந்த சரக்கு பெரும்பாலும் பழையது: தண்டர்கேட்ஸ், வோல்ட்ரான் போன்ற 1980-களின் தொடர்கள். ஷான் ஏக்கின்ஸ், ஜேசன் டிமார்கோ ஆகிய இருவரும் அந்தப் பழைய சரக்கைச் சுற்றி ஒரு புதிய உலகத்தைப் படைத்தார்கள். முதலில் மோல்டார் என்ற பழைய கார்ட்டூன் வில்லன் தொகுப்பாளராக இருந்தார். 1999 ஜூலையில் டாம் என்ற ரோபோ பொறுப்பேற்றது. அது அப்சல்யூஷன் என்ற விண்கலத்தில் தனியாகப் பயணம் செய்தபடி நிகழ்ச்சிகளை ஒளிபரப்புகிறது என்பது கற்பனை. குழந்தைகளிடம் வழக்கமாகப் பேசும் குழைந்த குரல் இல்லை. நிதானமான, ஆழ்ந்த குரல். பின்னணியில் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணுத் தாள இசை.

2000 செப்டம்பரில் அவர்கள் செய்தது இன்னும் துணிச்சலானது. நிகழ்ச்சிகளுக்கு நடுவேயுள்ள பம்பர்களிலேயே ஒரு தொடர்கதை ஓடியது: விண்கலத்துக்குள் புகுந்த ஒரு உயிரினம் டாமை விழுங்கிவிடுகிறது, பின்னர் புதிய உடலோடும் ஸ்டீவ் புளூமின் புதிய குரலோடும் டாம் திரும்பி வருகிறது. தொகுப்பாளரின் தோற்றத்தை மாற்றுவது என்ற அலுவலக முடிவு, பார்ப்பவர்கள் பதறிப்போகும் கதையாக மாறியது. கதை எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் விளம்பர இடைவேளையில் சேனலை மாற்ற முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1998-இல் சேர்ந்த சைலர் மூன், டிராகன் பால் ஸீ, 2000-இல் வந்த கண்டம் விங் ஆகிய தொடர்கள் வழியாக, ஜப்பானிய கார்ட்டூன் வகையான அனிமேயை அமெரிக்கப் பிள்ளைகளின் அன்றாடப் பழக்கமாக்கியதில் இந்தத் தொகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அத்தொடர்கள் வேறு இடங்களிலும் ஓடியிருக்கின்றன. நினைவில் நின்றது டூனாமியில் பார்த்ததுதான்.

அமெரிக்கச் சட்டம் தொகுதிகளை எவ்வாறு பாதித்தது?

1990-இல் நிறைவேறிய குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் இரண்டு வேலைகளைச் செய்தது. குழந்தைகள் நிகழ்ச்சியில் விளம்பரத்தை வார இறுதியில் மணிக்கு 10.5 நிமிடம், வார நாட்களில் 12 நிமிடம் என்று வரையறுத்தது. கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளை வழங்கியிருக்கிறார்களா என்பதை உரிமம் புதுப்பிக்கும்போது பார்க்க வேண்டும் என்றது. எது கல்வி என்று திட்டவட்டமாகச் சொல்லாததால், எதிர்காலத்தைக் காட்டுகிறது என்ற காரணத்துக்காக 'தி ஜெட்ஸன்ஸ்' கார்ட்டூனைக் கல்விக் கணக்கில் எழுதிய நிலையங்களும் இருந்தன. ஆகவே 1996-இல் ஆணையம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்ற அளவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. திரையின் மூலையில் தோன்றும் 'ஈ/ஐ' (கல்வி, தகவல் சார்ந்தது) என்ற குறி இதன் விளைவு.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. கல்வி நேரக் கணக்கில் 16 வயது வரையிலானவர்களுக்குரிய நிகழ்ச்சிகள் சேரும். விளம்பர வரம்போ 12 வயது வரையிலானவர்களுக்குரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். 13 முதல் 16 வயதினருக்கு என்று சொல்லி ஒரு விலங்கு நிகழ்ச்சியையோ பயண நிகழ்ச்சியையோ போட்டால், கடமையும் முடிந்தது, விளம்பரக் கட்டுப்பாடும் இல்லை. 2011 செப்டம்பரில் ஏபிசி தன் சனிக்கிழமைக் காலையை லிட்டன் என்ற நிறுவனத்தின் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்ததும், மற்றவர்கள் அதைப் பின்பற்றியதும் தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

சில தொகுதிகளின் பெயர் அடிக்கடி மாறியது ஏன்?

பெயர் மாறினால் கை மாறியிருக்கிறது என்று பொருள். ஃபாக்ஸ் நிறுவனம் 2001-இல் தன் குழந்தைகள் வணிகத்தை ஃபாக்ஸ் ஃபேமிலி சேனலோடு சேர்த்து, கடன் உட்பட 500 கோடி டாலருக்கும் மேலான மதிப்பில் டிஸ்னிக்கு விற்றது. ஃபாக்ஸ் கிட்ஸ் பிறக்கக் காரணமாயிருந்த அதே டிஸ்னிக்கு! காலியான சனிக்கிழமைக் காலையை 4கிட்ஸ் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 10 கோடி டாலர் கொடுத்துக் குத்தகைக்கு எடுத்தது. 2002 செப்டம்பரில் 'ஃபாக்ஸ் பாக்ஸ்' என்று தொடங்கிய அந்தத் தொகுதி, 2005-இல் '4கிட்ஸ் டிவி' ஆனது. வீட்டுக்காரர் பெயர் போய்க் குடித்தனக்காரர் பெயர் வந்தது. குத்தகைப் பணம் பற்றிய தகராறுக்குப் பின் 2008 டிசம்பரில் அது முடிந்தது. அந்நேரத்தின் ஒரு பகுதியை நீண்ட விற்பனை விளம்பர நிகழ்ச்சிகள் நிரப்பின.

மற்றொரு பக்கம், 1995-இல் டபிள்யூபி நெட்வொர்க்கில் தொடங்கி, பின்னர் சிடபிள்யூ நெட்வொர்க்கில் தொடர்ந்த 'கிட்ஸ் டபிள்யூபி' 2008 மே மாதம் முடிவுக்கு வர, அந்நேரத்தையும் 4கிட்ஸ் எடுத்து 'தி சிடபிள்யூ4கிட்ஸ்' என்றது. 2010-இல் 'டூன்ஸாய்' என்றது. 2011-இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2012-இல் சபான் பிராண்ட்ஸ் நிறுவனம் பொறுப்பேற்று 'வோர்டெக்ஸ்' என்று பெயர் சூட்டியது. 2014 செப்டம்பர் 27 அன்று அது கடைசியாக ஒளிபரப்பானது. அமெரிக்க நெட்வொர்க்குகளின் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் மரபு அன்றோடு முடிந்தது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

தமிழில் பார்த்தவர்களுக்கு இந்த வரலாற்றோடு தொடர்பு உண்டா?

உண்டு. டிஸ்னி வாங்கிய ஃபாக்ஸ் கிட்ஸ் சொத்துக்களிலிருந்து 2004-இல் உருவாக்கப்பட்ட பெயர்தான் 'ஜெட்டிக்ஸ்'. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த டூன் டிஸ்னி என்ற சேனல், தமிழிலும் ஒலித்தது. அதில் ஜெட்டிக்ஸ் என்ற பெயரின் கீழ் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸைப் பார்த்து வளர்ந்தவர்கள், தங்களை அறியாமலேயே லாஸ் ஏஞ்சலிஸ் நிலையச் சண்டையின் தொலைதூர விளைவைப் பார்த்தவர்கள். 2007-இல் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி, தொகுதியாக இல்லாமல் நேரடியாகத் தனிச் சேனலாகவே வந்தது.

இப்போதும் இயங்கும் பழைய தொகுதிகள் உண்டா?

அமெரிக்கப் பொது ஒலிபரப்பான பிபிஎஸ், 1994-இல் பிடிவி என்ற பெயரில் குழந்தைகள் நேரத்தை ஒருங்கிணைத்து, 1999 செப்டம்பரில் அதை 'பிபிஎஸ் கிட்ஸ்' ஆக்கியது. அந்நேரத்தை வாங்கவோ விற்கவோ யாரும் இல்லாததால் அது நீடித்திருக்கிறது என்பது என் கணிப்பு.

டூனாமியின் கதை விசித்திரமானது. 2008 செப்டம்பர் 20 அன்று அது மூடப்பட்டது. 2012 ஏப்ரல் முதல் நாள், முட்டாள்கள் தின விளையாட்டாக, கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவில் பெரியவர்களுக்கென ஓடும் அடல்ட் ஸ்விம் தொகுதி ஓர் இரவுக்கு மட்டும் அதை அறிவிப்பின்றி ஓடவிட்டது. பார்த்தவர்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கண்டு, அதே ஆண்டு மே 26 முதல் சனிக்கிழமை நள்ளிரவுத் தொகுதியாக நிரந்தரமாக்கினார்கள். டாமின் குரல் அதே ஸ்டீவ் புளூமின் குரல்தான். பார்ப்பவர்களில் பலர் 1990-களில் பள்ளி விட்டு வந்து பார்த்த அதே ஆட்கள்.